கோலார் தங்கவயல்: வேகமாகப் பரவும் வதந்தி, தாமதமாக வரும் தகவல் - மக்கள் தொடர்புப் பணி சொல்வது என்ன?

கோலார் தங்கவயல்: "தங்கச் சுரங்கம் மீண்டும் திறக்கப்படுகிறது" என்ற தகவல் சமூக ஊடகங்களில் அவ்வப்போது வேகமாகப் பரவுவதும், சில நாட்களில் அடங்குவதும், பிறகு மீண்டும் தலைதூக்குவதும் வழக்கமாகிவிட்டது. கர்நாடக மாநிலத்தின் இச்சுரங்க நகரில் தமிழ் பேசும் குடும்பங்கள் பெருமளவில் வசிக்கின்றன. வெளியூரில் இருப்பவர்களுக்கு இத்தகவல் ஒரு நிமிடக் காணொலி மட்டுமே. வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று திரும்பும் இந்நகர மக்களுக்கோ, சொந்த ஊரிலேயே வேலை கிடைக்குமா என்ற கேள்வி அதில் அடங்கியுள்ளது.

இத்தகைய சூழலில் ஒரு நிறுவனமோ அரசு அமைப்போ மக்களிடம் எவ்வாறு பேச வேண்டும், சமூக ஊடகங்களை எவ்வாறு கையாள வேண்டும் என்பதே மக்கள் தொடர்புத் துறையின் அடிப்படைக் கேள்வி. அதைப் புரிந்துகொள்ளத் தங்கவயல் பொருத்தமான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

உண்மையில் நடந்தது என்ன?

1880ஆம் ஆண்டு பிரிட்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு சுரங்கப் பணிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்ற இச்சுரங்கங்களிலிருந்து, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. நாட்டு விடுதலைக்குப் பின்னர் அரசுடைமையாக்கப்பட்ட சுரங்கங்களை, மத்திய சுரங்க அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் (பிஜிஎம்எல்) நடத்தி வந்தது. உற்பத்திச் செலவு கட்டுப்படியாகாத நிலையில், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கப் பணிகள் நிறுத்தப்பட்டன.

2024 ஜூன் மாதம், மத்திய அரசின் ஒரு முன்மொழிவுக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. ஆழ்சுரங்கங்களை மீண்டும் இயக்குவதற்கான முன்மொழிவு அல்ல அது. ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் குவிந்து கிடக்கும் 13 கழிவுக் குவியல்களிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுப்பதற்கானது.

உள்ளூர் மக்கள் 'சயனைடு மேடு' என்று அழைக்கும் இக்குவியல்கள், பாறையைத் தூளாக்கி, சயனைடு கரைசலின் உதவியால் தங்கத்தைப் பிரித்த பின்னர் எஞ்சிய மண்ணாகும். சுமார் 3.3 கோடி டன் என மதிப்பிடப்படும் இந்த மண்ணில் ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கமே உள்ளது. எனினும் மண் ஏற்கெனவே தூளாக்கப்பட்டு நிலத்தின் மேற்பரப்பிலேயே இருப்பதால், அதை மறுபடியும் பதப்படுத்துவது பயன் தரக்கூடும் என்று கருதப்படுகிறது.

ஆழ்சுரங்கம் பல்லாயிரம் தொழிலாளர்களை வைத்து நடந்தது. கழிவு மண்ணைப் பதப்படுத்தும் ஆலைக்கு அத்தனை பேர் தேவைப்படுவதில்லை. "கழிவுக் குவியலைப் பதப்படுத்த இசைவு" என்ற செய்தி "சுரங்கம் திறப்பு" என்று சுருங்கும்போது, மக்களின் எதிர்பார்ப்பு பல மடங்கு பெருகிவிடுகிறது.

விளம்பரமும் மக்கள் தொடர்பும் ஒன்றா?

பிரசாந்த் நீல் இயக்கிய 'கேஜிஎஃப்' திரைப்படத்தின் முதல் பாகம் 2018 டிசம்பரிலும், இரண்டாம் பாகம் 2022 ஏப்ரலிலும் வெளியாகின. முன்னோட்டக் காணொலிகளைச் சமூக ஊடகங்களில் கோடிக்கணக்கானோர் பார்த்தனர். அந்த மூன்றெழுத்துப் பெயர் நாடு முழுவதும் பரவியது. ஆனால் அப்படத்தின் கதை கற்பனையானது. படக்குழுவின் நோக்கம் படத்தைக் கொண்டு சேர்ப்பதே தவிர, நகரின் நிலையை விளக்குவது அல்ல.

அமெரிக்க ஆய்வாளர்களான ஜேம்ஸ் குரூனிக், டாட் ஹண்ட் ஆகியோர் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மக்கள் தொடர்பை நான்கு வகைகளாகப் பிரித்தனர். எவ்வகையிலேனும் கவனத்தை ஈர்ப்பது முதல் வகை. சரியான தகவலை ஒருவழியாக அறிவிப்பது இரண்டாவது. மக்களின் மனநிலையை ஆராய்ந்து, அவர்களைத் தம் பக்கம் இசையவைப்பது மூன்றாவது. மக்களின் கருத்தைக் கேட்டு, அதற்கேற்ப அமைப்பும் தன்னை மாற்றிக்கொள்வது நான்காவது.

திரைப்பட விளம்பரம் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. அரசு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை இரண்டாம் வகை. தங்கவயல் போன்ற நகருக்குத் தேவைப்படுவது நான்காம் வகை. சமூக ஊடகம் இருவழிப் பாதையாக அமைந்திருப்பதால், அதற்கான வாய்ப்பு முன்னெப்போதையும்விட இன்று அதிகம். ஆயினும் பல அமைப்புகள் அதையும் அறிவிப்புப் பலகையாகவே பயன்படுத்துகின்றன என்பது துறை சார்ந்தோர் நீண்ட காலமாகச் சுட்டிக்காட்டும் குறையாகும்.

சுரங்கங்களில் வளர்ந்த தொழில்

நவீன மக்கள் தொடர்புத் துறையின் தொடக்க கால வரலாறும் சுரங்கங்களோடு பிணைந்தது. 1906ஆம் ஆண்டு அமெரிக்க நிலக்கரிச் சுரங்கப் பிரச்சினையின்போது, உரிமையாளர்கள் தரப்பில் பணியாற்றிய ஐவி லீ, பத்திரிகைகளுக்கு விரைவாகவும் துல்லியமாகவும் தகவல் அளிப்பதாக உறுதிமொழி வெளியிட்டார். இத்துறையின் முதல் நெறிமுறை ஆவணங்களில் ஒன்றாக அது இன்றும் கற்பிக்கப்படுகிறது.

அந்த உறுதிமொழியை அவரே காக்கத் தவறினார். 1914 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்தின் லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டது. 2 பெண்களும் 11 குழந்தைகளும் உட்படப் பலர் உயிரிழந்தனர். நிறுவனத்தின் தரப்பை விளக்க லீ வெளியிட்ட அறிக்கைகளில், தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியம் பல மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருந்தது. நிறுவனம் அளித்த தகவல்களைத் தாம் சரிபார்க்கவில்லை என்று விசாரணை ஆணையத்தின் முன் அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தரப்பட்டதை அப்படியே வெளியிடுவது மக்கள் தொடர்புப் பணி ஆகாது என்பதற்கு இந்நிகழ்வு இன்றளவும் பாடமாக உள்ளது.

தங்கவயலிலும் அத்தகைய பாடம் உண்டு. 1930ஆம் ஆண்டு சுரங்க நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தபோது, சுமார் மூன்று வாரங்கள் வேலைநிறுத்தம் நடைபெற்றது. ஓரிடத்தில் நீக்கப்பட்டால் வேறு எந்தச் சுரங்கத்திலும் சேர முடியாமல் போகும் என்ற அச்சம் அதன் பின்னணியில் இருந்தது. தங்கள் வாழ்வைப் பாதிக்கும் ஒரு நடவடிக்கையை மக்களிடம் கலந்து பேசாமல் நடைமுறைப்படுத்தினால் என்ன நேரும் என்பதை அது காட்டியது.

வதந்தி பரவும்போது செய்ய வேண்டியவை

வதந்தி பரவும் வேளையில் முதல் சில மணி நேரம் முக்கியமானது என்பது இத்துறையில் பணியாற்றுவோரின் பொதுவான அனுபவம். முழு விவரமும் கிடைக்கும்வரை காத்திருந்தால், அந்த இடைவெளியை ஊகங்கள் நிரப்பிவிடும். எனவே உறுதியாகத் தெரிந்தது எது, இன்னும் முடிவாகாதது எது, அடுத்த தகவல் எப்போது வெளியாகும் ஆகிய மூன்றையும் தெரிவிக்கும் சுருக்கமான முதல் அறிக்கை உடனடியாக வெளியிடப்பட வேண்டும்.

அறிக்கையின் மொழியும் முக்கியமானது. தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகியவை வழங்கும் ஊரில் ஆங்கில அறிக்கை மட்டும் போதாது. மொழிபெயர்ப்பை மக்களிடமே விட்டுவிட்டால், 'இசைவு' என்பது 'தொடக்கம்' ஆகிவிடும்; 'மதிப்பீடு' என்பது 'உறுதி' ஆகிவிடும். எல்லா மொழிகளிலும் ஒரே நேரத்தில், ஒரே பொருள் தரும் அறிக்கை வெளியாவது அவசியம்.

மேலும், தவறான பதிவை மறுக்கும்போது அதை அப்படியே எடுத்துக்காட்டுவது அதன் பரவலுக்கே உதவக்கூடும். உண்மையை முதலில் கூறி, தவறைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு, மீண்டும் உண்மையோடு முடிப்பதே பரிந்துரைக்கப்படும் முறை. மக்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளைத் தொகுத்து நிர்வாகத்திடம் கொண்டு செல்வதும் இப்பணியின் ஒரு பகுதியே. எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், சயனைடு மேடுகளிலிருந்து பறக்கும் தூசு எவ்வாறு கட்டுப்படுத்தப்படும், நிறுவனக் குடியிருப்புகளில் வாழும் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களின் நிலை என்ன என்பவை தங்கவயலில் எழக்கூடிய கேள்விகள். இவற்றுக்கு இன்னும் முடிவு எட்டப்படவில்லை என்றால், அதையே வெளிப்படையாகக் கூறுவது மௌனத்தைவிட மேலானது.

பொதுமக்களுக்கு உள்ள வழிகள்

அதிகாரப்பூர்வ விளக்கத்துக்காக மக்கள் வெறுமனே காத்திருக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொருந்தும். விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். அச்சட்டத்தின் 4ஆவது பிரிவு, யாரும் கேட்காமலேயே முக்கியத் தகவல்களை வெளியிடும் கடமையை அரசு அமைப்புகளுக்கு விதிக்கிறது. மத்திய அரசு தொடர்பான பதிவு உண்மையா என்பதை அறிய, பத்திரிகை தகவல் அலுவலகம் 2019 முதல் நடத்திவரும் உண்மை சரிபார்ப்புப் பிரிவை அணுகலாம்.

சுரங்கம் பற்றிய காணொலியுடன் நிலம், வீட்டுமனை போன்றவற்றை வாங்கும்படி யாரேனும் பரிந்துரைத்தால், அது கட்டணம் பெற்ற விளம்பரமா என்று கவனிப்பதும் நல்லது. கட்டணமோ பிற பலனோ பெற்றுக்கொண்டு பரிந்துரை செய்வோர் அதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் தவறிழைத்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு.

தங்கவயலின் பெயரை நாடறியச் செய்ய இனி எந்த முயற்சியும் தேவையில்லை. அதைத் திரைப்படமே செய்துவிட்டது. சுரங்கம் மூடப்பட்டு 20 ஆண்டுகளுக்கு மேலான நிலையில், அந்நகர மக்களுக்குத் தேவைப்படுவது சரியான தகவல், உரிய நேரத்தில், அவர்கள் பேசும் மொழியில் வந்து சேர்வதே ஆகும்.