கூட்டு ஆராய்ச்சியும் புற்றுநோய்த் தடுப்பும்: பெங்களூரு தரும் பாடங்கள்

புற்றுநோயைத் தடுப்பதற்கு வேண்டிய அறிவு எந்த ஒரு மருத்துவமனையின் சுவர்களுக்குள்ளும் முழுமையாக விளைவதில்லை. எந்த ஊரில் எந்தப் புற்றுநோய் மிகுந்துள்ளது என்பதைக் கணக்கெடுப்பவர்கள், அதை முன்கூட்டியே கண்டறியும் முறையைச் சோதிப்பவர்கள், அந்த முறையை வீடு வீடாகக் கொண்டு செல்பவர்கள், நம்பிப் பரிசோதனைக்கு வரும் மக்கள் ஆகிய நான்கு தரப்பினரும் இணையும்போதுதான் தடுப்பு என்பது நடைமுறையாகிறது. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களையும் உள்ளூர் அமைப்புகளையும் ஒன்றிணைத்து 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி வலையமைப்பு இந்த எண்ணத்தில் பிறந்ததே. இந்தியாவில் அத்தகைய கூட்டுழைப்பு அதற்கும் இருபது ஆண்டுகள் முன்பே வேர்விட்டது. அந்த வேர்களுள் ஒன்று பெங்களூருவில் இருக்கிறது.

கணக்கெடுப்பே முதல் படி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பெங்களூரு, சென்னை, மும்பை ஆகிய மூன்று நகரங்களில் மக்கள்தொகை சார்ந்த பதிவேடுகள் அதன் கீழ் இயங்கத் தொடங்கின. ஒரு மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளை மட்டும் எண்ணாமல், வரையறுக்கப்பட்ட ஒரு பகுதியில் வாழும் மக்கள் அனைவரிடையேயும் தோன்றும் புதிய புற்றுநோய்களைத் தொகுப்பதே இத்தகைய பதிவேட்டின் பணி. பெங்களூருவில் கித்வாய் நினைவுப் புற்றுநோயியல் நிறுவனம் 1982 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. மருத்துவமனைகள் தாமாகத் தகவல் அனுப்பும் என்று காத்திராமல், பதிவேட்டுப் பணியாளர்களே மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் இறப்புப் பதிவு அலுவலகங்களுக்கும் நேரில் சென்று விவரம் சேகரித்து, ஒரே நோயாளி இருமுறை எண்ணப்படாதபடி சரிபார்க்கின்றனர்.

முதியோர் மிகுந்த ஊரையும் இளையோர் மிகுந்த ஊரையும் நேர்மையாக ஒப்பிடுவதற்காக, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை புதிய நோயாளிகள் என்ற கணக்கை வயதுக்கேற்பச் சீர்செய்வார்கள். இதுவே வயது சீர்செய்யப்பட்ட நிகழ்வு விகிதம் எனப்படுகிறது. இவ்வாறு பல பத்தாண்டுகள் எடுத்த கணக்கின் வழியாகத்தான், பெங்களூருப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்து வந்ததும், மார்பகப் புற்றுநோய் உயர்ந்து முதலிடத்தைப் பிடித்ததும் தெரியவந்தன. நாட்டின் பல பகுதிகளிலுள்ள பதிவேடுகளின் தரவுகள் இன்று பெங்களூருவில் அமைந்துள்ள தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையத்தில் தொகுக்கப்படுகின்றன. இந்தியப் புற்றுநோய்களில் 27.1 சதவீதம் புகையிலையோடு தொடர்புடையவை என்று 2020ஆம் ஆண்டு வெளியான அதன் அறிக்கை மதிப்பிட்டது. தடுப்பு முயற்சியை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சிற்றூர்கள் தந்த சான்றுகள்

நோய் எங்கே இருக்கிறது என்பதைப் பதிவேடு காட்டும். எளிய செலவில் அதை எப்படித் தடுப்பது என்பதைக் கள ஆய்வுதான் சொல்ல வேண்டும். பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அம்பிளிக்கை கிறித்தவ சமூக நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகியவை இணைந்து திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவினால், புற்றாக மாறக்கூடிய பகுதிகள் சற்று நேரத்தில் வெண்திட்டாகத் தெரியும்; விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், பயிற்சி பெற்ற செவிலியரே இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியும். இந்தப் பரிசோதனை செய்யப்பட்ட கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் வெளியான முடிவு காட்டியது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்ததாலேயே, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்தது. மும்பையில் டாட்டா நினைவு மையம் இருபது ஆண்டுகள் நடத்திய ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் மார்பகத்தைக் கையால் தொட்டுச் சோதித்தது, 50 வயதைக் கடந்த பெண்களின் மார்பகப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. இம்மூன்று முறைகளும் மருத்துவர் அல்லாத பணியாளர்களின் கைகளில் வெற்றிபெற்றவை என்பதுதான், மருத்துவர் பற்றாக்குறையுள்ள ஒரு நாட்டுக்கு இவற்றின் பெரும் மதிப்பு.

ஒன்பது மையங்கள் காத்த தரவு

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ், அதாவது ஹெச்.பி.வி. என்னும் பரவலான ஒரு தொற்று. அதற்கெதிரான தடுப்பூசியை மூன்று தவணைக்குப் பதிலாக இரண்டு தவணையாகத் தரலாமா என்று அறிய, அம்பிளிக்கை, மும்பை, ஐதராபாத், ஐஸ்வால் உள்ளிட்ட ஒன்பது இந்திய மையங்களில் 2009இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. இந்த ஆய்வோடு தொடர்பில்லாத நிகழ்வுகளை அடுத்து, 2010 ஏப்ரலில் அரசு இத்தகைய ஆய்வுகளில் தடுப்பூசி போடுவதை நிறுத்தியதால், ஏறத்தாழ ஐயாயிரம் சிறுமியர் ஒரே தவணையோடு நின்றுவிட்டனர்.

ஆய்வு முறிந்துவிட்டது என்று மையங்கள் கலைந்திருந்தால் அந்த உழைப்பெல்லாம் வீணாகியிருக்கும். அவை கலையாமல், மொத்தம் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பத்து ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து கவனித்தன. ஹெச்.பி.வி. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரு தவணையே 95.4 சதவீதப் பாதுகாப்பு தருகிறது என்றும், இரண்டு அல்லது மூன்று தவணைகளுக்கு அது எவ்வகையிலும் குறைந்ததல்ல என்றும் 2021இல் வெளியான முடிவு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் ஒரு தவணை முறையையும் ஏற்றுக்கொண்டதற்கு வலுவூட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. ஒரு தவணை போதும் என்பதால், அதே செலவில் இன்னும் அதிகமான சிறுமியரைக் காக்க ஏழை நாடுகளுக்கு வழி பிறந்தது.

கைபேசி வழியே வாய்ப் பரிசோதனை

வாய்ப்புற்று பெரும்பாலும் திடீரென முளைப்பதில்லை. புகையிலையும் பாக்கும் மெல்லுவோரின் கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ தோன்றும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டுகள், வாயை முழுதாகத் திறக்க முடியாதபடி உட்புறத் திசு இறுகுதல் ஆகியவை அதற்கு முன்னோடிகள். இவற்றை அடையாளம் காணும் வல்லுநர்கள் நகரங்களில் இருக்க, மெல்லும் பழக்கம் உள்ளவர்களோ கட்டுமானத் தளங்களிலும் தொழிற்கூடங்களிலும் கிராமங்களிலும் பரவிக் கிடக்கின்றனர். இந்த இடைவெளியைக் குறைக்க, பெங்களூருவின் கே.எல்.இ. பல் மருத்துவக் கல்லூரி, மஜும்தார் ஷா புற்றுநோய் மையம், பயோகான் அறக்கட்டளை ஆகியவை கைகோத்து, களப் பணியாளர் கைபேசியில் எடுக்கும் வாயின் படங்களைத் தொலைவிலுள்ள வல்லுநருக்கு அனுப்பி முடிவு பெறும் முறையை உருவாக்கின. பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து, ஐயத்துக்குரிய திட்டுகளைக் கணினியே இனங்காணும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைச் சோதித்தனர். பொறியாளரும் பல் மருத்துவரும் தெருவில் இறங்கி நடக்கும் பணியாளரும் ஒரே ஆய்வில் பங்காளிகளானதால்தான் இது கைகூடியது.

சங்கிலி அறுபடும் இடம்

இத்தனை சான்றுகள் கைவசம் இருந்தும், 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 1.9 சதவீதத்தினர் மட்டுமே வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள். மார்பக, வாய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கும் 30 வயதைக் கடந்தோருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்ற அரசின் வழிகாட்டுதல் 2016இலேயே வந்துவிட்டதை எண்ணும்போது இந்த இடைவெளி வேதனை தருகிறது.

அச்சம், கூச்சம், ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை ஆகியவை மக்களைத் தடுக்கின்றன. பரிசோதனையில் ஐயம் எழுந்தவர் அடுத்த மருத்துவமனைக்குச் சென்று சிகிச்சை பெறுகிறாரா என்று தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு இல்லாதபோது, பரிசோதனை செய்ததன் பயனும் கரைந்துபோகிறது. டாட்டா நினைவு மையத்தின் முன்னெடுப்பில் 2012இல் அமைந்த தேசியப் புற்றுநோய் இணைப்புக் குழுமம் நாடெங்குமுள்ள மருத்துவமனைகளில் ஒரே தரத்திலான சிகிச்சைக்கு வழிவகுக்கிறது. அந்தப் பிணைப்பு ஆரம்ப சுகாதார நிலையம்வரை, ஆஷா எனப்படும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரின் கைக்குறிப்பேடுவரை நீள வேண்டும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று பல மொழிகள் பேசப்படும் பெங்களூரு போன்ற நகரில், மக்களின் மொழியிலேயே பேசும் பணியாளர் இல்லாமல் எந்தத் திட்டமும் அவர்களது நம்பிக்கையைப் பெறாது.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மார்பகத்தில் கட்டி, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, மாதவிடாய் நின்ற பின்னரோ உடலுறவுக்குப் பின்னரோ ஏற்படும் இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 30 வயதைக் கடந்தோர் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் பரிசோதனை பற்றிக் கேட்டறிவது நல்லது; சிறுமியருக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி எப்போது போடலாம் என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம். புகையிலையை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலுள்ள மையத்தின் வழியாகத் தென்னிந்திய மொழிகளிலும் இச்சேவை கிடைக்கிறது.

பரிசோதனைக்கு வரும் ஒவ்வொருவரும் தம் உயிரைக் காப்பதோடு, அடுத்த தலைமுறைக்கான சான்றையும் சேர்க்கின்றனர். திண்டுக்கல் பெண்களும் திருவனந்தபுரத்துக் குடும்பங்களும் ஆய்வாளர்கள் மீது வைத்த நம்பிக்கைதான் இன்றைய தடுப்பு முறைகளின் அடித்தளம். அவர்கள் தந்த அறிவை நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சேர்ப்பது, அந்த அறிவால் பயன்பெறும் அரசுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் மருத்துவ உலகுக்கும் உள்ள கடமை.