வியர்த்தால்தான் விளையாட்டா?

பி.டி. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சுற்றுவட்டாரப் பள்ளி விழாக்களில் விளையாட்டு வினாடி வினா நடத்துகிறேன். எந்தப் பள்ளியிலும் கூச்சலைக் கிளப்பும் கேள்வி ஒன்று என்னிடம் உண்டு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், 60 வயதுக்காரர் ஒருவர் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்தார்; எந்த விளையாட்டில்?

துப்பாக்கி சுடுதல் என்பார்கள், வில்வித்தை என்பார்கள். விடை: பிரிட்ஜ். சீட்டாட்டம்தான்! பிரணாப் பர்தன், 56 வயது ஷிப்நாத் சர்க்காரோடு ஜோடி சேர்ந்து வென்ற தங்கம். "சார், நாங்க சீட்டு எடுத்தா வீட்ல உதைக்கிறாங்க சார்!" என்று ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான்.

ஐரோப்பிய நீதிமன்றமும் ஏறக்குறைய அந்தப் பையன் கட்சிதான். இங்கிலாந்தின் பிரிட்ஜ் சங்கம், போட்டி நுழைவுக் கட்டணத்துக்கு வரிவிலக்கு கேட்டு வழக்காடியது. சொல்லும்படியான உடலுழைப்பு இல்லாததால் வரிச் சட்டப்படி இது விளையாட்டு ஆகாது என்று 2017 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஓராண்டுக்குள் ஜகார்த்தாவில் அதே ஆட்டத்துக்குப் பதக்கம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியோ 1999லேயே சதுரங்கத்தையும் பிரிட்ஜையும் அங்கீகரித்துவிட்டது.

சரி, உழைப்புதான் அளவுகோல் என்றால் கயிறு இழுத்தலை யாராவது அசைக்க முடியுமா? 1900 முதல் 1920 வரை அது ஒலிம்பிக்கில் இருந்தது. 1908 லண்டனில் மூன்று பதக்கங்களும் பிரிட்டிஷ் போலீஸ் அணிகளுக்கே. லிவர்பூல் போலீஸாரின் கனத்த பூட்ஸைப் பார்த்து அமெரிக்கர்கள் ஆட்சேபித்தார்கள், நடுவர்கள் கேட்காததால் கோபத்தில் விலகிப் போனார்கள். 1912 ஸ்டாக்ஹோமில் வந்து நின்றது இரண்டே அணிகள். ஸ்வீடன் பிரிட்டனை இழுத்துப் போட்டது, அதோடு போட்டி முடிந்தது. 1920க்குப் பிறகு ஒலிம்பிக்கில் கயிறே இல்லை.

அதற்காக ஆட்டம் செத்துவிடவில்லை. இன்றும் உலகப் போட்டிகள் நடக்கின்றன. அணிக்கு எட்டுப் பேர், மொத்த எடையை வைத்துப் பிரிவு, எதிரணியை நான்கு மீட்டர் இழுத்தால் ஒரு வெற்றி, மூன்றில் இரண்டு எடுத்தவர் ஜெயித்தார். தரையில் உட்காரக் கூடாது, கயிற்றில் முடிச்சுப் போடக் கூடாது. நம் பள்ளிகளில் கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு இழுக்கிறார்களே, அது விரலுக்கே ஆபத்து. தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

1904 செயின்ட் லூயிஸில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நீரில் பாய்ந்தபின் கை கால் அசைக்காமல் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று ஒரு போட்டி. அமெரிக்காவின் வில்லியம் டிக்கி 19.05 மீட்டர் போய்த் தங்கம் வாங்கினார். சும்மா மிதந்ததற்கு ஒலிம்பிக் தங்கம் கிடைத்த பூமியில், சீட்டுக்கும் கேரமுக்கும் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

என் கணக்கு எளிது. விதி இருக்க வேண்டும், எதிராளி இருக்க வேண்டும், பயிற்சியால் திறமை கூட வேண்டும். அதிர்ஷ்டத்தை மட்டும் நம்புவது சூதாட்டம். சென்னையின் மரிய இருதயத்துக்கு 1996ல் கேரமுக்காக அர்ஜுனா விருது கொடுத்தது சரியே.

ஆனால் தலைமையாசிரியர்களே, இதைச் சாக்காக வைத்து பி.டி. பீரியடில் பிள்ளைகளை வகுப்பிலேயே உட்காரவைத்து செஸ் போர்டைக் கொடுத்துவிடாதீர்கள். சதுரங்கத்துக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். பி.டி. பீரியடில் அவர்கள் மைதானத்தில் ஓடட்டும்.