மலைச்சரிவும் மனைப்பற்றும்

ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள் ஆண்டு பல கழிந்தபின் ஒன்றுகூடி மலர் வெளியிடுதற்குக் காரணம் யாது? கற்ற கல்வி எங்கும் உடன்வருவது. அதனைத் தேடி மீண்டும் கல்லூரி வாயிலை அடைய வேண்டுவதில்லை. ஆயினும் படித்த வகுப்பறையையும், விளையாடிய திடலையும், உண்டுறங்கிய விடுதியையும் மீண்டும் ஒருகாற் காணின் உள்ளம் நெகிழ்கின்றது. இடத்தின்மீது மனிதன் வைக்கும் இப்பற்று இயல்பானது. பெரும்பாலும் இன்பந் தருவது. ஆனால், அதே பற்று உயிருக்கு இறுதி நேரக்கூடிய இடத்தினின்றும் ஒருவனை அகலவொட்டாது தடுக்குமாயின், அதனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அப்புத்தளை மலைத்தொடரின் தென்சரிவில் நிகழ்ந்தவற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்புத்தளை நகர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், ஒரு மலைமுதுகின்மேல் அமைந்தது. அதன் வடபால் தியத்தலாவையும் பண்டாரவளையும் அடங்கிய மேட்டுநிலம். தென்பாலோ நிலம் செங்குத்தாக இறங்கி, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை முதலிய ஊர்களைக் கடந்து வெல்லவாயச் சமவெளியைச் சேர்கின்றது. தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் வீழ்வதும் இச்சரிவிலேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக இம்மலைகளின் காடு அழிக்கப்பட்டது. தோமஸ் லிப்டன் தம்பேதன்னைத் தோட்டத்தை 1890இல் வாங்கினார். தமிழ்நாட்டினின்றும் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்க்குத் தோட்டந்தோறும் லயன்கள் எழுந்தன. வேலைத்தலத்திற்கு அண்மையும் நீர்வசதியும் நோக்கி அவற்றுக்கு இடந் தெரிந்தனரேயன்றி, மண்ணின் உறுதியை ஆராயும் அறிவியல் அக்காலத்தில் வளர்ந்திருக்கவில்லை.

இச்சரிவுகளிற் பல இடங்களில் மேலிருந்து முன்னொருகாலத்தில் உருண்டுவந்த கல்லும் மண்ணுமே தடித்த படையாகக் கிடக்கின்றன. நெடுமழையில் நீர் உட்புகுந்து நிறைய, மண்ணின் பாரம் மிகும். துகளோடு துகளைப் பற்றியிருக்கச் செய்யும் பிடி தளரும். ஒருநிலையில் முழுப்படையும் கீழ்நோக்கி நழுவும். நிலத்தில் வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், புதிய ஊற்றுக் கிளம்புதல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல், கதவுகள் நிலையோடு இறுகுதல் என்பன இதற்கு முன்னறிகுறிகளாம்.

கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை ஏறத்தாழ ஏழரை மணிக்கு நிகழ்ந்தது இதுவே. மலையின் ஒருபகுதி பெயர்ந்து வந்து லயன்களையும் கோவிலையும் ஒருங்கே மூடியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 37 பேர் எனக் கணக்கிடப்பட்டது. பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்வேளை பள்ளிக்கூடஞ் சென்றிருந்த பிள்ளைகளுட் சிலர் மாலையில் திரும்புதற்கு வீடுமின்றிப் பெற்றோருமின்றி நின்றனர்.

இங்கு நாம் நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. ஆகவே, அழிவு நேர்ந்த சில நாட்களுக்குள்ளேயே, “அறிவித்தும் அவர்கள் ஏன் நீங்கவில்லை?” என்னும் கேள்வி நாடெங்கும் எழுந்தது. அறியாமை என்றனர் சிலர். பிடிவாதம் என்றனர் சிலர். பழகிய இடத்தின்மீதுள்ள மயக்கம் என்றனர் வேறு சிலர். இறந்தோர் மீதே பழியைச் சுமத்தும் இவ்விடை எளிதானது, ஆனால் உண்மையானதன்று.

முதலாவதாக, லயனில் வாழ்வோர் எதன்மீது பற்றுடையர் என்பதைத் தெளிதல் வேண்டும். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான காம்பராவின்மீது எவரும் காதல் கொள்ளார். “எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம்மவர் பழமொழி. லயன் காம்பராவோ சுவரொன்றை அயலவரோடு பங்கிட்டுக்கொள்வது, தனக்கென உறுதிப்பத்திரம் இல்லாதது. தனிவீடு கிடைக்குமாயின் அதனை விட்டகலத் தயங்குவார் அரியர். அங்ஙனமாயின் அவர்களைப் பிணிப்பது யாது?

கொழுந்து பறிக்கும் ஒரு தாயை எண்ணிப் பார்க்க. விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். பகலிற் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலைக்கு ஏறவேண்டும். பள்ளியினின்று திரும்பும் மூத்த பிள்ளையைப் பக்கத்துக் காம்பராக் கிழவி பார்த்துக்கொள்வாள். பேர் பதிந்த தோட்டத்தில் வேலையிருக்கும்வரையே வீடும் இருக்கும். ஐந்து மைல் தொலைவில் பாதுகாப்பான வீடொன்றைக் காட்டி அங்குச் செல்லுமாறு கூறின், அவள் இழப்பது சுவரையும் கூரையையும் மட்டுமன்று. நாட்சம்பளத்தையும், குழந்தைக்குக் காவலையும், அவசரத்திற் கைமாற்றுத் தரும் அயலையும் ஒருங்கே இழக்கின்றாள். மழை ஒருவேளை மலையைச் சரிக்கலாம். வேலையிழப்போ அடுத்த கிழமையே அடுப்பை அணைத்துவிடும். நிச்சயமான துன்பத்திற்கும் நிச்சயமற்ற ஆபத்திற்கும் இடையே அவள் நின்று எண்ணுகின்றாள். இதனை மயக்கம் எனல் பொருந்தாது; இது கணக்கு.

அடுத்தது, மக்களையும் தெய்வத்தையும் பற்றிய பிணைப்பு. தோட்டத்து மாரியம்மன் கோவில் தொழிலாளர் தத்தம் சம்பளத்திற் பணங் கொடுத்துக் கட்டியது. ஆண்டுத் திருவிழாவும், மாசியிற் காமன் கூத்தும், மரண உதவிச் சங்கமும் அவர்களை ஒரு குடும்பமாக்குகின்றன. தேயிலைக்கு நடுவேயுள்ள சிறு இடுகாட்டிலே பாட்டனும் பாட்டியும் கிடக்கின்றனர். சட்டம் அவர்க்குக் கொடாத நிலவுரிமையை அப்புதைகுழிகளே ஒருவாறு கொடுத்தன எனலாம்.

மூன்றாவது, வரலாறு தந்த அச்சம். இம்மக்கள் இடம்பெயர அறியாதவரல்லர். பிறர் தீர்மானத்தாற் பலமுறை பெயர்க்கப்பட்டவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இருநாடுகளும் சரிபாதியாகப் பங்கிட உடன்பட்டன. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் ஊவா மலைகளிற் பல. 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு ஓடியோரும் பலர். இத்தகையோரிடம் ஓர் உத்தியோகத்தர் வந்து, “இவ்விடம் விட்டு எழுங்கள்” எனக் கூறின், அதில் அவர்கள் அறிவியலை மட்டும் கேட்பதில்லை. முன்னைய ஆணைகளின் எதிரொலியையும் கேட்கின்றனர்.

இறுதியாக, எச்சரிக்கையே எச்சரிக்கையைத் தேய்ப்பதும் உண்டு. ஒரு மாரியில் நீங்குமாறு கூறப்பட்டு, கோவிலிலோ பள்ளியிலோ இரவு கழித்து, ஒன்றும் நேராது திரும்பியவர், அடுத்த மாரியில் தயங்குதல் மனித இயல்பு. செல்லுமாறு கூறும் அறிவித்தலோடு செல்லுமிடமும் காட்டப்படாவிடின் அத்தயக்கம் இருமடங்காகும்.

இவ்வியல்பு மலைநாட்டவர்க்கே உரியதன்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளின்பின், இலங்கை அரசு தென்மேற்குக் கரைகளில் 100 மீற்றரும் வடகிழக்குக் கரைகளில் 200 மீற்றரும் குடியிருக்கத் தகாத எல்லையாக வகுத்தது. கடலாற் சுற்றத்தை இழந்த மீனவரே கடலைவிட்டு அகல மறுத்தனர். வள்ளமும் வலையும் கண்பார்வையில் இருத்தல் வேண்டுமென்றனர். பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. கேரளத்து மூணாற்றுக்கு அண்மையிலுள்ள பெட்டிமுடியில், 2020 ஓகஸ்ட் 6ஆம் நாள் இரவு மண்சரிவு 70 உயிரைக் கொண்டது. அங்கு மாண்டோரும் பெரும்பாலும் தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரே. வீடும் தொழிலும் ஒரே முடிச்சிற் கட்டப்பட்ட இடங்களில், ஒன்றை விட்டு மற்றொன்றைப் பேணுதல் அரிதென்பதற்கு இவை சான்றாம்.

மீரியபெத்தையில் எஞ்சியோர்க்கு நேர்ந்தது யாது? முதலிற் பள்ளிக்கூடங்களிலும், பின்னர்ப் பூணாகலைப் பகுதியில் இயங்காதிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினர். ஏறத்தாழ இரண்டாண்டு கழிந்தபின், 2016 ஒக்டோபரில் மக்கல்தெனியாவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. காலத்தாழ்வு வருந்தத்தக்கதே. எனினும், அயலவர் அயலவராகவே, பழகிய மலைநாட்டுச் சூழலிலேயே குடியேறினர் என்பது கருதத்தக்கது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2023 மார்ச் 19ஆம் நாள் இரவு, பூணாகலைக் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்களை அழித்தது. உயிரிழப்பு நேராதது நற்பேறு. 2025 நவெம்பர் இறுதியில் டிட்வாச் சூறாவளி கொணர்ந்த பெருமழையில் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகளே அவற்றுட் பெரும்பகுதிக்குக் காரணமாயின. ஆகவே, இடப்பெயர்வு என்பது நடந்து முடிந்த ஒரு செய்தியன்று. இன்னும் பல தோட்டங்களின்முன் நிற்கும் வினா.

அவ்வினாவுக்கு விடை, பற்றை அறுப்பதன்று. பற்றையும் உடன்கொண்டு பெயர்ப்பதே. அதற்கு வேண்டியவை பெரிய மருமங்களல்ல. குடும்பம் குடும்பமாகச் சிதறடியாது லயன் லயனாகக் குடியேற்றுக. வேலைத்தலத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் உறுதியான நிலம் தேடுக. அஃது இல்லையாயிற் பேருந்துக்கு முதலில் ஒழுங்கு செய்க. வீட்டோடு நிலத்தின் உறுதிப்பத்திரத்தையும் கையிற் கொடுக்க. உரிமை அற்ற வீடு மற்றொரு லயனே. கோவிலுக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இடுகாட்டுக்கும் வரைபடத்திலேயே இடம் ஒதுக்குக. இடந் தெரியும் குழுவில், அங்குச் சென்று வாழப்போகும் பெண்களும் இருத்தல் வேண்டும். விட்டுவந்த லயனை இடித்து மரம் நடுதலும் வேண்டும். வெறுமையான லயன் நெடுநாள் வெறுமையாயிராது, வீடற்ற வேறொரு குடும்பம் அங்குப் புகுந்துவிடும்.

நிலையான வீடு அமையும்வரை, தற்காலிகமாக நீங்குதலேனும் பழக்கமாதல் வேண்டும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டின் விழிப்பாயிருத்தல், 100 மில்லிமீற்றரைத் தாண்டின் நீங்க ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றரையோ, ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரையோ தாண்டின் உடனே நீங்குதல் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வகுத்துள்ளது. ஒவ்வொரு லயனிலும் மழைமானி ஒன்று வைத்து, மேல்வகுப்புப் பிள்ளைகளை அதனை நாடோறும் அளந்தெழுதப் பழக்கலாம். தம் பிள்ளை அளந்து கூறும் எண்ணைத் தாய் நம்புவாள். நீங்கிய இரவுக்கு அடுத்த நாட் சம்பளம் வெட்டப்படமாட்டாது என்னும் உறுதி ஒன்றும் உடனிருப்பின், நள்ளிரவிலும் அவள் எழுந்து நடப்பாள்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியலாளர் உளர். நில அளவையாளர் உளர். நிர்வாக சேவையினரும் ஆசிரியரும் உளர். மலைநாட்டில் ஒரு குடியிருப்பை அகற்றவேண்டும் என்னும் கோப்பு நாளை நம்மில் ஒருவர் மேசைக்கு வரக்கூடும். அன்று கையொப்பமிடுமுன், அவ்வூர்க் கோவிற்படியில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அங்குள்ளோர் எதனை விட்டுவர அஞ்சுகின்றனர் எனக் கேட்டறிதல் நம் கடன். இக்கல்லூரி முற்றத்தை மறக்க இயலாத நமக்கு அவர்கள் கூறும் விடை விளங்காமற் போகாது.