பயண முகவர்களுக்கான ஐயாட்டா அங்கீகாரம்

ஐயாட்டா அங்கீகாரம் என்பது, ஒரு பயண முகவர் நிறுவனம் பல விமான நிறுவனங்களின் பன்னாட்டுப் பயணச்சீட்டுகளை அவற்றின் சார்பில் விற்கவும் வழங்கவும் பெறும் தகுதியாகும். பன்னாட்டு வான்வழிப் போக்குவரத்துச் சங்கம் இதனை வழங்குகிறது. சுருக்கமாக ஐயாட்டா எனப்படும் இச்சங்கம் 1945 ஏப்ரலில் கியூபாவின் அவானா நகரில் தொடங்கப்பட்டது. இதன் தலைமையகம் கனடாவின் மொண்ட்ரியால் நகரில் உள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் இப்பணியை ஏஆர்சி என்னும் தனி நிறுவனம் கவனிக்கிறது.

அங்கீகாரத்தின் தேவை

ஒரு முகவர் ஐம்பது விமான நிறுவனங்களின் சீட்டுகளை விற்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுடனும் தனி ஒப்பந்தம், தனிக் கணக்கு, தனிப் பிணை என்று வைத்துக்கொள்ள இயலாது. விமான நிறுவனங்களாலும் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான முகவர்களின் நாணயத்தைத் தனித்தனியே சோதிக்க முடியாது. எனவே ஒரே சோதனை, ஒரே ஒப்பந்தம், ஒரே கணக்குத் தீர்வு என்ற பொது ஏற்பாடு உருவானது.

விண்ணப்பிக்கும் முறை

விண்ணப்பிக்கும் நிறுவனம் தன் நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்று, உரிமையாளர் விவரம், நிதி அறிக்கைகள், கட்டணம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். நிதிநிலைக்கேற்ப வங்கி உத்தரவாதமோ காப்பீடோ பிணையாகக் கேட்கப்படும். நிதி விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். விமான நிறுவனங்களும் முகவர்களும் இடம்பெறும் உள்நாட்டுக் கூட்டுக்குழு அவற்றைப் பற்றிப் பரிந்துரை செய்யும்.

ஏற்கப்பட்ட முகவர், பயணிகள் விற்பனை முகமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் தனக்கென ஓர் எண்குறியீட்டைப் பெறுகிறார். எனினும், அங்கீகாரம் பெற்றதாலேயே எல்லா விமான நிறுவனங்களின் சீட்டையும் வழங்கிவிட முடியாது. ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் சீட்டை வழங்கும் அதிகாரத்தை அம்முகவருக்குத் தனியே அளிக்க வேண்டும்.

மூன்று வகைகள்

2018 முதல் நாடுவாரியாக நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் மூன்று வகைகள் உள்ளன.

- கோலைட்: கடனில் சீட்டு வழங்க இயலாது. வாடிக்கையாளரின் கடன் அட்டை, அல்லது ஈசிபே என்னும் முன்பணக் கணக்கு வழியாகவே விற்கலாம்.
- கோஸ்டாண்டர்டு: மேற்கண்டவற்றுடன், சீட்டை முதலில் வழங்கிப் பணத்தைக் குறித்த நாளில் செலுத்தலாம்.
- கோகுளோபல்: பல நாடுகளில் கிளைகள் உள்ள நிறுவனங்களுக்கானது.

பணம் செல்லும் வழி

விற்பனைக் கணக்குகள் பிஎஸ்பி என்னும் தீர்வுத் திட்டத்தின் வழியே நடைபெறுகின்றன. இது முதன்முதலில் 1971இல் ஜப்பானில் தொடங்கப்பட்டது. குறித்த காலத்தில் விற்ற எல்லாச் சீட்டுகளுக்கும் முகவர் ஒரே தொகையாகச் செலுத்துகிறார். அது விமான நிறுவனங்களுக்குப் பிரித்து அளிக்கப்படுகிறது.

பயணியிடம் பெற்ற பணம் முகவருடையது அன்று. செலுத்தும்வரை அவர் அதை விமான நிறுவனத்தின் சார்பில் காத்து வைத்திருப்பவரே ஆவார். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான். அந்தப் பணத்தைக் கடை வாடகைக்கோ வேறு தொழிலுக்கோ திருப்பிவிடும் முகவர் தவணை நாளில் தவறிவிடுகிறார். தவணை தவறியதாக அறிவிக்கப்பட்டால், ஒரு விமான நிறுவனத்தின் சீட்டை மட்டுமல்ல, திட்டத்தில் உள்ள எந்த நிறுவனத்தின் சீட்டையும் அவர் வழங்க முடியாது. இந்த இழப்பைக் குறைக்கவே, கடனில் விற்கக்கூடிய தொகைக்கும் உச்சவரம்பு வைக்கப்படுகிறது. ஐயாட்டாவின் முடிவால் பாதிக்கப்படும் முகவர், தனிநிலை அலுவலரான பயண முகமை ஆணையரிடம் முறையிடலாம்.

அங்கீகாரம் பெறாத முகவர்கள்

நம் ஊர்களில் காணும் சிறிய பயண முகவர்களில் பலர், அங்கீகாரம் பெற்ற பெரிய முகவரிடம் சீட்டை வாங்கி விற்பவர்கள். இது தவறன்று. ஆனால் இடையில் ஒரு கை கூடுவதால் பயணி சற்றுக் கவனமாக இருக்க வேண்டும்.

முன்பதிவுக் குறியீடு வேறு, பயணச்சீட்டு வேறு. ஆறு எழுத்தெண்கள் கொண்ட குறியீடு இருக்கை பதிவானதை மட்டுமே காட்டும். பணம் செலுத்தி வழங்கப்பட்ட மின்சீட்டுக்கு 13 இலக்க எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும்: 098 ஏர் இந்தியா, 603 சிறீலங்கன், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். முழுப் பணமும் கொடுத்தவர் இந்த எண்ணைக் கேட்டுப் பெற்று, விமான நிறுவனத்திடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது. சீட்டு வழங்கப்படாத முன்பதிவு, கெடு முடிந்ததும் தானே நீங்கிவிடும். பயணிக்கு அது விமான நிலையத்தில்தான் தெரியவரும்.