தட்டைக் காக்கும் நாய்

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கறிக்கடை வாசலில் அடிபட்டுக் கிடந்த பெட்டை நாய் ஒன்றைத் தூக்கிவந்து வைத்தியம் பார்த்து, கருத்தடையும் செய்து, வீட்டோடு வைத்துக்கொண்டார். வயது ஒன்றரை இருக்கலாம். பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டது, வாசலில் ஆள் வந்தால் குரல் கொடுக்கிறது. குறை இரண்டுதான். சமையல் மேடையில் எதை வைத்தாலும் ஆள் நகர்ந்த நேரத்தில் தூக்கிவிடுகிறது. வறுத்த மீனில் தொடங்கியது, இப்போது தோசை மாவுவரை வந்திருக்கிறது. சாப்பிடும்போது தட்டருகே யார் போனாலும் உறுமுகிறது. சோறு வைத்த அவரைப் பார்த்தே உறுமுகிறது. "இது நன்றி கெட்ட நாயா?" என்று கேட்கிறார். பிரம்பால் நாலு போடு என்கிறாராம் மாமனார். எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறாராம் கணவர்.

இரண்டும் வேண்டாம் அம்மா. பெரும்பாலான நாய்களில் இதைச் சரிசெய்துவிடலாம். சில மாதம் பிடிக்கும், வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். என்ன உணவு, எப்போது தடுப்பூசி என்பதெல்லாம் நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததே. அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அந்த நாய் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாகத் தெருநாய்களின் வாழ்க்கையை ஆராய்ந்து வருகிறார். அவருடைய குழு 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டது. ஏழு மாத வயதைத் தொட்டவை 19 சதவீதம்தான். செத்தவற்றில் பெரும்பகுதிக்கு ஏதோ ஒரு வகையில் மனிதரே காரணம். அதே குழுவின் இன்னோர் ஆய்வு தாய் நாயைப் பற்றியது. குட்டிகள் வளர வளர, கிடைத்த தீனியை அவற்றுக்கு விட்டுக்கொடுப்பதைத் தாய் குறைத்துக்கொள்கிறது. பெற்ற குட்டியோடேயே மல்லுக்கு நிற்கவும் செய்கிறது.

ஆக, வீட்டுக்கு வந்திருப்பது ஐந்தில் ஒன்றாகப் பிழைத்த நாய். கிடைத்ததை உடனே விழுங்கத் தெரிந்ததாலும், வாயில் கவ்வியதை விடாமல் காக்கத் தெரிந்ததாலும் பிழைத்த நாய். நான் விடுதியில் தங்கிப் படித்தவன். அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நண்பன் ஒருவன் இன்று நல்ல வசதியாக இருக்கிறான். இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் அவன் இடது கை தானாக இலையைச் சுற்றி வளைந்துகொள்ளும். பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போவதற்குள் அப்பளம் காலியாகியிருக்கும். அவனை யாரும் நன்றி கெட்டவன் என்று சொல்வதில்லை.

இனி திருட்டுக்கு வருவோம். தெருவில் ஆள் இல்லாத தீனி எல்லாமே எடுத்துக்கொள்ளக்கூடிய தீனி. சமையல் மேடையில் வைத்த மீனும் நாயின் கணக்கில் அப்படித்தான். ஒருமுறை கிடைத்துவிட்டால் போதும், அடுத்து ஒன்பது முறை ஏமாந்தாலும் பத்தாவது முறை வந்து பார்க்கும். எப்போதாவது கிடைக்கும் பலன், தவறாமல் கிடைக்கும் பலனைவிட ஒரு பழக்கத்தை ஆழமாக வேரூன்ற வைக்கும் என்று உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957இலேயே புறாக்களை வைத்து விரிவாக எழுதிவிட்டார்கள். அதனால் முதல் மருந்து நாய்க்கு இல்லை, சமையலறைக்கு. அடுத்த சில மாதங்களுக்கு நாய்க்கு எட்டும் இடத்தில் ஒரு பருக்கைகூட இருக்கக் கூடாது. சமையலறைக்கு இடுப்பளவு கம்பிக் கதவு ஒன்று போடுங்கள், குப்பைக் கூடையை மூடி போட்டு உள்ளே வையுங்கள். இது நாய்க்குப் பயந்து ஒதுங்குவதாகாது. பழைய பழக்கத்துக்குத் தீனி போடுவதை நிறுத்துகிறோம், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. திருடிய நாயைப் பாருங்கள்: காதை ஒட்டிக்கொள்ளும், தலையைத் தாழ்த்தும், கண்ணைப் பக்கவாட்டில் ஓட்டும், வாலைக் காலிடுக்கில் செருகிக்கொள்ளும். "பார், செய்த தப்பு அதற்கே தெரிகிறது, எப்படித் திருட்டு முழி முழிக்கிறது!" என்கிறோம். தெரிந்தே செய்தது என்று முடிவாகிவிட்டால் அடிப்பது நியாயமாகிவிடுகிறது. நியூயார்க்கில் பர்னார்டு கல்லூரியில் இருக்கும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இந்த முழியைத்தான் சோதித்தார். 2009இல் வெளிவந்த ஆய்வு, பதினான்கு வீட்டு நாய்கள். வளர்ப்பவர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போவார். அவர் இல்லாதபோது சில நாய்களுக்குச் சோதனை செய்பவரே அந்தத் தின்பண்டத்தைக் கொடுத்துவிடுவார். சில நாய்களிடம் கொடுக்காமல் எடுத்துவிடுவார். திரும்பி வரும் வளர்ப்பவருக்குச் சில முறை உண்மை சொல்லப்படும், சில முறை சொல்லப்படாது. தின்னாத நாயைத் தின்றதாகச் சொல்வார்கள், தின்றதைத் தின்னவில்லை என்பார்கள். தின்றது என்று கேள்விப்பட்டவர் நாயைத் திட்டுவார், இல்லையென்றால் கொஞ்சுவார்.

முழி எதைப் பொறுத்து வந்தது? தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. திட்டு விழுந்த நாய் முழித்தது, விழாத நாய் அவ்வளவாக முழிக்கவில்லை. அதிலும் எல்லாவற்றையும்விட அதிகமாக முழித்தவை, சொன்ன பேச்சைக் கேட்டு எதையும் தொடாமல் இருந்துவிட்டு, வீண் திட்டு வாங்கிய நாய்கள். நாம் குற்ற உணர்ச்சி என்று படித்துக்கொண்டிருந்தது அச்சத்தின் முகம். முன்னால் நிற்பவரின் கோபத்தைத் தணிக்க நாய் தன்னைச் சுருக்கிக்காட்டுகிறது. மதியம் தின்ற மீனுக்காக மாலையில் அடி வாங்கும் நாய், மாலையில் வீடு திரும்பும் மனிதருக்குப் பயப்படக் கற்றுக்கொள்கிறது. மீனைப் பற்றி எதையும் கற்றுக்கொள்வதில்லை.

அப்படியானால் நாய்க்கு விவரம் போதாது என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் ஜூலியானே கமின்ஸ்கி வேறொரு சோதனை செய்தார். எடுக்கக் கூடாது என்று சொன்ன மனிதர் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். விளக்கு வெளிச்சம் சில நேரம் தீனிமேல் விழும், சில நேரம் மனிதர்மேல் விழும், சில நேரம் இரண்டும் இருட்டில் இருக்கும். தீனி இருட்டில் இருந்தபோது நாய்கள் துணிந்து எடுத்தன. வெளிச்சத்தில் இருந்தபோது தயங்கின. மனிதர் வெளிச்சத்தில் இருக்கிறாரா என்பதைவிட, தீனி இருக்கும் இடம் அவர் கண்ணுக்குத் தெரியுமா என்பதே முக்கியமாக இருந்தது போலிருக்கிறது. இதையும் பிரம்பையும் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்? அடித்து வளர்த்த நாய் திருடுவதை விடாது. பார்க்காதபோது திருடும், அவ்வளவுதான்.

அடிக்கச் சொல்பவர்கள் இன்னொரு காரணமும் வைத்திருக்கிறார்கள்: வீட்டில் யார் தலைவர் என்று நாய்க்குக் காட்டிவிட வேண்டுமாம். இந்தக் கருத்து நம் ஊரில் பிறந்ததில்லை. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதியதில் தொடங்கி, டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் நூலின் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் சண்டை வரத்தான் செய்யும். பிறகு மெக் வடதுருவத்தை ஒட்டிய எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை ஆண்டாண்டாகப் பார்த்தார். அங்கே கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம். 1999இல் அதைக் கட்டுரையாக எழுதினார். தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடம் தானே கேட்டார். எழுதியவரே கைவிட்ட கருத்தை வைத்துக்கொண்டு இன்னும் நம் தெருவில் நாயை மல்லாக்கத் தள்ளி மிதித்துப் பிடிக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

அடுத்தது உறுமல். அதை மட்டும் ஒருபோதும் அடக்காதீர்கள். நாய் உறுமுவதற்கு முன்பே பல சேதி சொல்லிவிடுகிறது. மெல்லுவது சட்டென்று நிற்கும், உடம்பு கட்டையாகும், தலை தட்டுக்கு மேலே கவிழும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும், விழுங்கும் வேகம் கூடும். அதற்குப் பிறகுதான் உதடு உயரும், உறுமல் வரும். உறுமியதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை உறுமலை விட்டுவிட்டு நேராகக் கடிக்கக்கூடும். "சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் நாய்களில் பலவற்றுக்குச் சொல்லும் வாயை நாம்தான் கட்டியிருப்போம்.

சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துப் பழக்கினால் நாய் சாதுவாகும் என்று பலர் நம்புகிறார்கள். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தினர் நாய் வளர்ப்பவர்களிடம் விரிவாக விசாரித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நேர்மாறாக இருக்கிறது. தட்டைப் பிடுங்கும் வீடுகளில் தீனியைக் காக்கும் குணம் கடுமையாக இருந்தது. சாப்பிடும்போது தட்டில் ருசியான துண்டு எதையாவது சேர்த்துப் போடும் வீடுகளில் குறைவாக இருந்தது. பிடுங்க வரும் கையைப் போட வரும் கையாக மாற்றுவதுதான் மொத்த வைத்தியமும்.

செய்முறை இது. நாய்க்கு ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில், குறித்த நேரத்தில், இரண்டு வேளையோ மூன்று வேளையோ சோறு வையுங்கள். நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றால் அது கட்டையாகாமல் சாப்பிடுகிறது என்று பாருங்கள். எட்டடி என்றால் அந்த எட்டடியில்தான் வேலை. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழித் துண்டையோ ஈரலையோ கையில் வைத்துக்கொண்டு எட்டடித் தூரத்தில் நடந்து போங்கள், போகிற போக்கில் தட்டை நோக்கி ஒரு துண்டைப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். தட்டில் இருப்பதைவிட நீங்கள் போடுவது உயர்ந்ததாக இருக்க வேண்டும். டீக்கடைப் பொறை போதாது. சில நாளில் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கி, வாலைத் தளர்வாக ஆட்டிப் பார்க்கும். அந்த முகம் வந்த பிறகு அரையடி நெருங்கலாம். மீண்டும் கட்டையானால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள், பழைய தூரத்துக்குப் போய்விடுங்கள். ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவ் கண்டது இதைத்தான். மணியோசைக்கு எச்சில் ஊறும் நாய்க்கு, மனிதர் நெருங்குவதும் நல்ல சேதியாக மாறும்.

இதோடு "விடு" என்ற சொல்லையும் பழக்குங்கள். ஆசைப்படாத பொருளில், ஒரு பழைய துணிப்பந்தில் தொடங்கலாம். வாயில் கவ்வியிருக்கும்போது மூக்கருகே ஈரலைக் காட்டி, விட்டதும் கொடுத்து, பந்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டால் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று அதற்குப் புரிய வேண்டும். திருடியதைப் பிடுங்கத் துரத்தாதீர்கள், துரத்தினால் விழுங்கிவிடும். நம் சமையலறையில் விழுங்கக் கூடாதவை பல. சாம்பாரின் சின்ன வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலில் குத்தும். அப்படி ஏதாவது வாயில் இருந்தால் ஒரு கை நிறையக் கோழித் துண்டை எதிர்ப்பக்கம் வாரி இறையுங்கள். அது அங்கே போனதும் பொருளை எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. குடற்புழு இருந்தால் எவ்வளவு போட்டாலும் பசி தீராது. சில மருந்துகள், குறிப்பாக ஸ்டீராய்டு மாத்திரைகள், பசியைக் கிளப்பிவிடும். அடிபட்ட நாய்க்கு உள்ளே வலி மிச்சமிருந்தால் யாரும் கிட்ட வருவதை அது விரும்பாது.

பிள்ளைகளை இந்தப் பயிற்சியில் சேர்க்கவே கூடாது. நாய் சாப்பிடும்போது அவர்கள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் பொறுப்பு. பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி இழுத்து விளையாடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பசித்து வளர்ந்த உயிரிடம் அது கொடுமை. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியவர்களே சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பல் பட்டுவிட்டால் வீட்டு நாய்தானே என்று இருக்காமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நாய் கடித்துத் தோலைக் கிழிக்கும் அளவுக்குப் போயிருந்தால் வீட்டுப் பயிற்சி போதாது. அடிக்காமல் பழக்கத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பாஸ்டன் காப்பகம் ஒன்றில், தட்டைக் காப்பதாகச் சோதனையில் தெரிந்த நாய்களைத் தத்துக் கொடுத்த பிறகும் தொடர்ந்து விசாரித்தார்கள். வீட்டுக்குப் போன பின் அவற்றில் ஏறக்குறையப் பாதி அந்தக் குணத்தைக் காட்டவே இல்லை. வயிறு நிறைந்து, பிடுங்க ஆளில்லை என்று தெரிந்தால் நாய் தளர்ந்துவிடுகிறது. சில நாய்கள், சோற்றை விட்டுக்கொடுத்தாலும் எலும்பை மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்காது. அப்படிப்பட்ட நாய்க்கு வேகவைக்காத எலும்பைப் பின்கட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, தின்று முடித்து அதுவாகக் கதவைச் சுரண்டும்வரை விட்டுவிடுங்கள்.