விரலை மறந்த பக்கங்கள்

2007-ல் முதல் ஐபோன் வந்தபோது அதன் திரை அகலம் 320 பிக்சல். இணையதளங்களோ ஏறக்குறைய 1,000 பிக்சல் அகலக் கணினித் திரைக்காகக் கட்டப்பட்டிருந்தன. ஆப்பிள் ஒரு வழி கண்டது. போனிலிருந்த சஃபாரி உலாவி, தன் திரை 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு பக்கத்தை அடுக்கி, பிறகு சுருக்கிக் காட்டியது. பொடி எழுத்தைப் பெரிதாக்க இருமுறை தட்ட வேண்டும். ஒரு தட்டு விழுந்ததும் அடுத்தது வருமா என்று உலாவி சுமார் 300 மில்லிநொடி காத்திருக்கும். போனில் தளங்கள் பல ஆண்டுகள் மந்தமாகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில நிறுவனங்கள் போனுக்கென்று தனி முகவரியில் சிறு தளம் வைத்தன. பெரிய தளத்தைப் புதுப்பிப்பார்கள், சின்னதை மறந்துவிடுவார்கள். 2010-ல் ஈதன் மார்காட் என்ற வடிவமைப்பாளர், ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையை முன்வைத்தார். இன்று அதுவே பொது வழக்கம்.

பிறகும் போனில் பக்கங்கள் ஏன் தொல்லை தருகின்றன? பக்கத்தைச் செய்கிறவர் பெரிய திரையில், மவுஸுடன், வேகமான இணைப்பில் வேலை செய்கிறார். போனில் எப்படியிருக்கும் என்பதையும் பெரும்பாலும் அதே கணினியில் சன்னலைக் குறுக்கித்தான் பார்க்கிறார். அகலம் சரியாக இருக்கும். விரல் அங்கே இல்லை. மவுஸ் முனை ஒரு புள்ளி, விரல் நுனியோ பெரியது. அதனால்தான் பொத்தானுக்குக் குறைந்தது 44 அலகு வேண்டும் என்கிறது ஆப்பிள். ஆண்ட்ராய்டு 48 கேட்கிறது. மவுஸை மேலே கொண்டுபோனால் விரியும் மெனு தொடுதிரைக்குப் பொருந்தாது. தொடாமல் மேலே நிற்கும் விரலைத் திரை அறியாது. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் நீளமான தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படுவதும் இதே அலட்சியத்தால்தான்.

என்னை அதிகம் வருத்துவது பக்கத்தின் துள்ளல். செய்தியைத் தட்டப் போகும்போது மேலே தாமதமாக ஒரு விளம்பரம் வந்திறங்கி எல்லாவற்றையும் கீழே தள்ள, விரல் விளம்பரத்தில் விழுகிறது. விளம்பரத்துக்கும் படத்துக்கும் முன்பே இடம் ஒதுக்கி வைத்தால் இது நேராது. 2020-ல் கூகுள் இந்தத் துள்ளலை அளக்க ஒரு கணக்கையே அறிவித்தது. உள்ளடக்கத்தை மறைத்துக் குதிக்கும் பெட்டிகள் உள்ள பக்கங்களைத் தேடலில் கீழிறக்கலாம் என்ற விதியை 2017 ஜனவரியிலேயே கொண்டுவந்திருந்தது. பெட்டிகள் ஓயவில்லை. செயலியை இறக்கச் சொல்வது நிறுவனத்தின் ஒரு பிரிவு, அறிவிப்புக்கு அனுமதி கேட்பது இன்னொரு பிரிவு. அத்தனை பேரும் பங்கு கேட்பது உள்ளங்கையளவு திரையில்.

போன் எண் கேட்கும் கட்டத்தைத் தொட்டால் எழுத்து விசைப்பலகை எழும் தளங்கள் இன்றும் உண்டு. எண் விசைப்பலகையை வரவழைக்க அந்தக் கட்டத்தின் நிரலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும்.