அறுவைப் பேற்றுக்குப் பின் நாற்பது நாள்

“சுகப் பிரசவமா, ஆபரேஷனா?” குழந்தை பிறந்த செய்தி எட்டியதும், ‘ஆணா, பெண்ணா’ என்ற வினாவுக்கு அடுத்தபடியாக நம் குடும்பங்களில் எழும் வினா இதுதான். ‘ஆபரேஷன்’ என்று விடை வந்தால், “பாவம், என்ன பாடுபட்டாளோ!” என்றொரு பெருமூச்சு விடுகிறோம். அத்துடன் அதை மறந்தும் விடுகிறோம். சில நாட்களில் தாயும் சேயும் வீடு வந்து சேர்ந்த பின்னர், சுகமாய்ப் பெற்றவளுக்கும் வயிறு கீறிப் பெற்றவளுக்கும் நம் இல்லங்களில் யாதொரு வேற்றுமையும் காட்டப்படுவதில்லை. அதே பத்தியம், அதே வெந்நீர்க் குளியல், சில நாள் கழிந்தால் அதே தண்ணீர்க் குடம்.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நூறு பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவைப் பேறுகள். அரசு மருத்துவமனைகளில் 36. தனியார் மருத்துவமனைகளில் 64. இவை யாவும் தேவைதானா என்பது பெரிய வினா. அதனை இக்கட்டுரையில் தொடப்போவதில்லை. தேவையோ தேவையில்லையோ, கத்தி பட்ட வயிற்றுடன் ஒரு பெண் வீடு திரும்பிவிட்டாள். அவளை எவ்வாறு பேணுவது என்பதே இங்கு நம் கவலை. சமவெளியைக் காட்டிலும் கொடைக்கானல் மலையிலும் பழனி மலைச் சிற்றூர்களிலும் இக்கவலை கூடுதலாக இருத்தல் வேண்டும். காரணங்களைப் பின்னர்ச் சொல்வேன்.

குடலிறக்கத்திற்கு அறுவை செய்துகொண்டு வரும் ஓர் ஆண்மகனை எண்ணிப் பாருங்கள். மூட்டை தூக்காதே, மாடிப்படி ஏறாதே என்று வீடே அவனைச் சூழ்ந்து நின்று தடுக்கும். அவனுக்குத் திறக்கப்பட்டதைவிட ஆழமாகத் திறக்கப்படுகிறது தாயின் வயிறு. தோல், அதன்கீழ்க் கொழுப்பு, தசைகளைப் போர்த்தியிருக்கும் தடித்த உறை, அதற்குள் மெல்லிய சவ்வு, கடைசியில் கருப்பை என ஒவ்வொன்றாகக் கடந்து குழந்தை எடுக்கப்படுகிறது. பின்னர் உள்ளிருந்து வெளியே தையல் போடப்படுகிறது. மேல்தோல் ஒரு வாரம், பத்து நாளில் கூடிவிடும். கண்ணுக்குத் தெரிவது அதுதான், ஆகவே, “புண் ஆறிவிட்டதே, இனியென்ன?” என்கிறோம். பளுவைத் தாங்க வேண்டிய உள்ளுறையோ ஆறு வாரமாகியும் தன் பழைய வலிமையை எட்டுவதில்லை. அதற்குப் பல மாதங்கள் வேண்டும். அறுவை கண்ட ஆண்மகனுக்கு ஓய்வு கிடைக்கிறது. அறுவை கண்ட தாய்க்கோ இரவில் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து பாலூட்டும் பணி கிடைக்கிறது!

இந்தத் தையலுக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் கருப்பையைக் கீறிய மருத்துவர்கள் பெரும்பாலும் அதைத் தைக்காமலே விட்டனர். தானே சுருங்கி மூடிக்கொள்ளும் என நம்பினர். இரத்தப்போக்கினாலும் சீழினாலும் தாய்மார் மாண்டனர். 1882இல் ஜெர்மனி நாட்டு மருத்துவர் மாக்ஸ் சேங்கர், வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் கருப்பையைத் தைக்கும் முறையை வகுத்துரைத்தார். அறுவைப் பேற்றுக்குப் பின் தாய் உடல் தேறுவது என்ற பேச்சுக்கே அதன் பிறகுதான் இடம் பிறந்தது. அடிவயிற்றில் குறுக்காகக் கீறும் இன்றைய வழக்கம் 1900இல் ஃபானன்ஸ்டீல் என்பவர் கூறியது. நெடுக்குக் கீறலைவிட இது நன்கு ஆறுகிறது.

ஆனால் தையல் போட்டதும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. புனித ஜான்னா பெரெத்தா மோல்லாவை நம் வாசகர் பலர் அறிவர். இத்தாலி நாட்டவர், அவரே மருத்துவர். கருப்பைக் கட்டியுடன் கருவுற்றிருந்த நிலையில், தம் உயிரினும் குழந்தையின் உயிரைப் பெரிதெனக் கொண்டவர். 1962 ஏப்ரல் 21, பெரிய சனிக்கிழமையன்று அறுவை மூலம் பெண் மகவை ஈன்றார். வயிற்றுச் சவ்வில் நச்சுக்கிருமி பரவி, ஏழாம் நாளாகிய ஏப்ரல் 28 அன்று காலமானார். 2004 மே 16 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, அந்த மகளும் மருத்துவராக வந்து நின்றார். அவருடைய தியாகத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம்; பேசத்தான் வேண்டும். அந்த ஏழு நாட்களைப் பற்றியும் சிறிது எண்ண வேண்டும். அன்றைக்கு இல்லாத மருந்துகள் இன்றைக்கு உண்டு. எனினும் காய்ச்சலை “பால் கட்டியதால் வந்த சூடு” என்று சொல்லி இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தால் எந்த மருந்தும் உதவாது.

மருத்துவமனையில் நடப்பவற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். அறுவை முடிந்த 24 மணி நேரத்திற்குள் தாயை எழுப்பி நடக்கச் சொல்வார்கள். உறவினர் சிலர், “பச்சை உடம்புக்காரியை நடக்க வைக்கிறார்களே” என்று செவிலியரிடம் சண்டைக்கே போவதுண்டு. அசையாமல் கிடந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும்; அக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே கேடு. ஆகவே நடப்பது மருந்து, சுமப்பதுதான் தீங்கு. இவ்விரண்டையும் நம்மவர் மாற்றிப் புரிந்துகொள்கின்றனர்: முதல் வாரம் நடக்க விடுவதில்லை, மூன்றாம் வாரம் சுமக்க விடுகின்றனர். படுக்கையிலிருந்து எழும்போது நேரே எழாமல், ஒருக்களித்துப் புரண்டு கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரை பாலைக் கெடுக்கும் என்றஞ்சி அதனை ஒளித்து வைக்கும் அப்பத்தாமார்களுக்கு ஒரு சொல்: பாலூட்டும் தாய்க்கு ஏற்றதைத்தான் மருத்துவர் தருகிறார். வலியால் துடிப்பவளால் குழந்தையை மடியில் ஏந்தவே இயலாது. முதுகில் போட்ட ஊசிதான் ஆயுள் முழுதும் முதுகுவலி தருகிறது என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை. குனிந்தபடியே பாலூட்டுவதும் தளர்ந்த வயிற்றுத் தசையுமே பெரும்பாலும் காரணம்.

இனி மலைக்கு வருவோம்.

திண்டுக்கல்லிலோ தேனியிலோ மதுரையிலோ அறுவை நடந்திருந்தால், வத்தலக்குண்டுக்கு மேல் ஐம்பது கிலோமீட்டருக்கும் கூடுதலான மலைப்பாதை. கொடைக்கானல் நகரிலேயே நடந்திருந்தாலும் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என ஊருக்குப் போக மேலும் வளைவுகள் உண்டு. பேருந்தின் பின்னிருக்கையில் அவளை அமர்த்தாதீர்கள். வண்டியின் முன்னிருக்கையில், வயிற்றின்மேல் தலையணை வைத்து அமர்த்தி, வழியில் ஓரிரு இடங்களில் நிறுத்தி, இறங்கிச் சிறிது நடக்கச் செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் பெற்றவர்களுக்கு 2011இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி அறுவையும் மருந்தும் இலவசம். ஏழு நாள் வரை உணவும் இலவசம். வீடு கொண்டுசேர்க்க வாகனமும் உண்டு. ‘வீட்டில் வேலை கிடக்கிறது’ என்று மூன்றாம் நாளே பெயர் வெட்டிக்கொண்டு வருவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

வீடு சேர்ந்தாயிற்று. மலையூரில் சமதரை ஏது? குழாயடி கீழே, வீடு மேலே. அல்லது வீடு கீழே, பாதை மேலே. ஒரு குடம் தண்ணீர் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ எடையிருக்கும். பிறந்த குழந்தை மூன்று கிலோ. ஆறு வாரம் வரை குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்கலாகாது என்பது மருத்துவர் விதி. அதன்படி பார்த்தால் ஒரு குடம் நான்கைந்து குழந்தைகளின் எடை! அதையும் இடுப்பில் ஏற்றி மேட்டில் ஏறுகிறாள். விறகுக் கட்டும் காரட் மூட்டையும் இக்கணக்கில் சேர்ந்தவையே. அந்த நாற்பது நாளும் தண்ணீர் கணவன் எடுக்கட்டும். ‘ஆண்பிள்ளை குடம் தூக்குவதா?’ என்று ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சாலை வருமுன் இந்த மலைக்குத் துரைமார்களையும் துரைசானிமார்களையும் நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏறியவர்கள் நம் பாட்டன்மார். நெடுங்காலம் சாலையின்றி இருந்த வெள்ளகவியில் நோயாளியை டோலி கட்டிச் சுமந்தவர்களும் ஆண்மக்களே. பிறருக்குச் சுமந்த தோள் மனைவிக்கு ஒரு குடம் சுமப்பதில் என்ன குறைவு?

உணவைப் பற்றி. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளையும் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பூண்டைப் பாலில் வேகவைத்தும் குழம்பு வைத்தும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது நம் வழக்கம். நல்லதே, கொடுங்கள். பூண்டும் சோறும் கருவாடும் மட்டுமே கொடுத்து, கீரையும் பழமும் தண்ணீரும் மறுப்பதுதான் தவறு. அறுவையில் அரை லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் போயிருக்கும். தையல் கூடப் புரதம் வேண்டும்: முட்டை, பருப்பு, பால், மீன், இறைச்சி. தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும், புண் சீழ் கட்டும் என்பது பழம்பேச்சு. தாகத்தோடு இருந்தால் மலச்சிக்கல் வரும். முக்கினால் தையல் நோகும். சிறுநீர்த் தொற்றும் வரும். பிளம்சும் பேரிக்காயும் விருப்பாச்சி மலைவாழையும் கூடை கூடையாய்க் கீழ்ச் சந்தைகளுக்குப் போகின்றன. அவற்றை விளைவித்த வீட்டிலேயே ‘குளிர்ச்சி’ என்று சொல்லித் தாய்க்கு மறுக்கிறோம்! ஒரு மலைவாழைப் பழம் அவளுக்கு ஒரு கேடும் செய்யாது. அரசு தரும் இரும்புச் சத்து மாத்திரையைப் பேற்றுக்குப் பின் 180 நாள் விடாது விழுங்க வேண்டும். இரத்தம் குறைந்த பெண்ணுக்கு ஏழாயிரம் அடி உயரத்து ஏற்றம் எப்படி மூச்சு வாங்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

வயிற்றில் துணி கட்டுவது நடக்கும்போது இதமளிக்கும். இறுக்கிக் கட்டினால் புண் வியர்த்து ஈரமாகும். கருப்பை தானே ஆறு வாரத்தில் சுருங்கும். அதற்குத் துணி தேவையில்லை. வெந்நீரை வயிற்றின்மேல் ஓங்கி ஊற்றுவதை விட்டுவிடுங்கள். புண்ணை மெல்லக் கழுவி, ஒற்றித் துடைத்து உலர விடுவதே போதும். மஞ்சளோ பொடியோ வேண்டா.

மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில், சன்னலையெல்லாம் அடைத்து, தாயும் சேயும் படுத்த அறையில் கரித்தணல் வைக்கும் வழக்கத்தைக் கண்டிக்காமலிருக்க முடியவில்லை. மூடிய அறையில் கரி எரிந்தால் எழும் நச்சுக்காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்கியவர் உறங்கியபடியே போய்விடுவர். கம்பளி கூடுதலாகப் போடுங்கள். தணலை வெளியே வையுங்கள். அடுப்புப் புகையும் அவளுக்கு ஆகாது. ஒவ்வோர் இருமலும் தையலை இழுக்கிறது.

பங்குக் குரு என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ‘இரண்டு வாரமாயிற்று, பூசைக்குப் போகாமலிருக்கலாமா?’ என்று கலங்கும் தாய்மார் உண்டு. நோயுற்றோரையும் கைக்குழந்தையைப் பேணுவோரையும் ஞாயிறு கடன் கட்டுப்படுத்துவதில்லை. மோசேயின் சட்டப்படி தேவ அன்னையே மகனை ஈன்ற நாற்பது நாளுக்குப் பின்னரே ஆலயம் வந்தார். மருத்துவர் சொல்லும் ஆறு வாரம் நாற்பத்திரண்டு நாள். இரண்டு கணக்கும் எவ்வளவு அருகில் நிற்கின்றன! மேட்டில் இருக்கும் ஆலயத்துக்குக் குழந்தையைச் சுமந்து அவள் ஏற வேண்டாம். சொல்லியனுப்பினால் குருவானவர் நன்மை கொண்டு இல்லம் வருவார்.

கூலிக்குப் போகும் பெண்களின் நிலை வேறு. பதிவு பெற்ற பெரிய தோட்டங்களில் வேலை செய்வோருக்கு 2017இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, முதலிரு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. சிறு காட்டில் பூண்டு பிடுங்குபவளுக்கு அதுவும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மாநில அரசின் மகப்பேறு உதவி 1987இல் தொடங்கியது. 18,000 ரூபாய் என இருக்கும் அவ்வுதவி தாயின் ஓய்வுக்கும் உணவுக்கும் உரியது. அது வந்தவுடன் பழைய கடனுக்கோ விதைப்பூண்டுக்கோ போய்விடுகிறது. அப்பணத்தில் பாதியாவது அவள் வயிற்றுக்குப் போகட்டும் என்று குடும்பத் தலைவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும் பொழுது விடியக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்: நூறு டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல், தையலில் சிவப்பு, வீக்கம், சீழ், துர்நாற்றமுள்ள போக்கு, ஒரு மணி நேரத்தில் துணி முழுதும் நனையும் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், கடுந்தலைவலி, கண் மங்கல், வலிப்பு. மலைப்பாதையில் வண்டி வந்து சேர்வதற்கே நேரமாகும். ஆகவே சமவெளியாரைவிட நாம் முந்திக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் ஓயாது அழுகிறாள், குழந்தையை ஏறிட்டும் பார்ப்பதில்லை என்றால், ‘காற்றுப் பட்டுவிட்டது’ என்று மந்திரிக்கப் போகாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் நோயே, குணமாகும்.

அடுத்த குழந்தையைப் பற்றிய பேச்சு இரண்டாண்டு செல்லட்டும். கருப்பைத் தழும்பு நன்கு உறுதிப்படுமுன் மீண்டும் பேற்று வலி கண்டால் அத்தழும்பு விரியும் ஆபத்து கூடுகிறது. தாயின் உடல்நிலை போன்ற தக்க காரணத்திற்காகப் பேறுகளுக்கிடையே இடைவெளி விடுவதை, 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடலும் ஏற்று, இயற்கை முறையைக் காட்டுகிறது. அதனைப் பயிற்சி பெற்றவரிடம் தம்பதியர் இருவரும் சேர்ந்து கற்க வேண்டும்; கணவனின் அடக்கமின்றி அம்முறை நில்லாது.

மீண்டும் கருவுற்றால், மலையூரில் வலி வரும்வரை காத்திருத்தல் கூடாது. தழும்புள்ள கருப்பைக்கு அறுவை அறையும் இரத்தமும் அருகில் வேண்டும். குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னரே மருத்துவமனைக்கு அண்மையில் உறவினர் வீட்டுக்குப் போய்விடலாம். தமிழக மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் இதற்கென்றே பேறுகாலக் காத்திருப்பு அறைகள் உள்ளன. கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டால் விவரம் சொல்வார். முதல் அறுவையின்போது மருத்துவமனை கொடுத்த சீட்டில் எதனால் அறுவை நடந்தது, எவ்விதக் கீறல் என்று எழுதியிருக்கும். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். குடும்ப அட்டை வைத்திருக்கும் தகரப் பெட்டியிலேயே அந்தச் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.